ஆறு வயதுக் குழந்தையின் கழுத்தெலும்பில் சீழா, கட்டியா? ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன்

கேள்வி இது: "என் அக்கா மகளுக்கு ஆறு வயது. இரண்டு மாதமாகக் கழுத்து வலி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருக்கிறாள். சுளுக்கு என்று இரண்டு முறை எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கழுத்தில் மூன்றாவது, நான்காவது எலும்பு அரித்திருக்கிறது, முன்பக்கம் சீழ் போலத் தெரிகிறது, தண்டுவடத்தை லேசாக அழுத்துகிறது என்கிறார்கள். ஒரு டாக்டர் டிபி, மாத்திரையே போதும் என்கிறார். இன்னொருவர் கட்டியாகவும் இருக்கலாம், திறந்து சுத்தம் செய்து பிளேட் வைக்க வேண்டும் என்கிறார். கழுத்தில் கத்தி வைத்தால் கை கால் விழுந்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்வது?"

தம்பி, முதலில் இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்று. இனி யாரும் அந்தக் கழுத்தைத் தொட்டு உருவக் கூடாது, திருப்பக் கூடாது, சொடக்கு எடுக்கக் கூடாது. நம் ஊரில் குழந்தை கழுத்தைச் சாய்த்தால் சுளுக்கு எடுப்பவரிடம் போவது வழக்கம். அக்காவைக் குறை சொல்லாதீர்கள், எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார். ஆனால் எலும்பு அரித்த கழுத்து, கரையான் தின்ற உத்தரம் மாதிரி. பார்க்க நிற்கும், பாரம் தாங்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தை படுக்கையிலிருந்து எழும்போது என்ன செய்கிறாள்? இரண்டு கைகளாலும் தாடையையோ பின்மண்டையையோ தாங்கிப் பிடித்துக்கொண்டு, குடத்தைத் தூக்குவது போலத் தன் தலையைத் தானே தூக்கிக்கொண்டு எழுகிறாளா? இதற்கு ரஸ்ட் அறிகுறி என்று பெயர். எக்ஸ்ரே என்ற ஒன்றே இல்லாத காலத்தில் வியன்னாவில் இருந்த ரஸ்ட் என்ற அறுவை மருத்துவரின் பெயரால் வந்தது. இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு குழந்தை அப்படி எழுவதைப் பார்த்தால் ஸ்கேன் வரும் வரை காத்திருக்காமல் அந்தக் கழுத்தை ஆதரவில் வைத்துவிடுவேன். வலிக்கும் கழுத்தை அசைக்காமல் காப்பாற்ற அந்தக் குழந்தை தானாகக் கண்டுபிடித்த வழி அது.

படுக்க வைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. தட்டையான கட்டிலில் மல்லாந்து படுத்தாலே தலை முன்பக்கமாகத் தள்ளப்பட்டுக் கழுத்து மடங்கும். அதன் மேல் தலையணையும் வைத்தால் கேட்கவே வேண்டாம், அரித்த எலும்பு இன்னும் நசுங்கும். அதனால் தலையணையை எடுத்துவிட்டு, ஒரு போர்வையை மடித்துத் தோளிலிருந்து முதுகு வரை அடியில் வையுங்கள். அப்போது கழுத்து நேராக இருக்கும். ஸ்கேனுக்குக் காரில் கூட்டிப் போகும்போதும் இதே மாதிரி படுக்க வைத்துக் கூட்டிப் போங்கள்.

கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்சு காலர் ஆறு வயதுக் கழுத்தில் உட்காராது, உட்கார்ந்தாலும் தாங்காது. மார்பிலிருந்து தாடையும் பின்மண்டையும் வரை அளவெடுத்துச் செய்யும் பிளாஸ்டிக் சட்டம் வேண்டும். பெரிய மருத்துவமனைகளின் செயற்கை உறுப்புப் பிரிவில் செய்து தருவார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு டாக்டர்களும் சொல்வது முரண்பாடு மாதிரி உங்களுக்குத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. இருவருமே இன்னும் நோயின் பெயரைக் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். குழந்தையின் கழுத்தெலும்பு விஷயத்தில் நான் ஆணித்தரமாகச் சொல்வது இந்த ஒன்றைத்தான்: பெயர் தெரியாமல் கத்தியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். தண்டுவடம் செயலிழந்துகொண்டிருந்தாலோ மூச்சு அடைபட்டாலோ ஒழிய, பெயர் கண்டுபிடிக்கச் சில நாட்கள் எப்போதும் உண்டு.

எம்.ஆர்.ஐ. ஓரளவுக்குத்தான் சொல்லும். பொதுவாக, இரண்டு முள்ளெலும்புகளும் நடுவில் உள்ள டிஸ்க்கும் சேர்ந்து கெட்டிருந்தால் கிருமித் தொற்று என்று நினைப்போம். எலும்பு போய் டிஸ்க் மட்டும் தப்பித்திருந்தால் கட்டி என்று நினைப்போம், ஏனென்றால் கட்டிகள் லேசில் டிஸ்க்கைத் தாண்டுவதில்லை. ஆனால் டிபி இந்த விதிக்கு அடங்காது. அது டிஸ்க்கை ஆரம்பத்தில் விட்டுவைத்து, எலும்பின் முன்பக்க ஜவ்வுக்கு அடியில் ஊர்ந்து போய் மேலும் கீழும் உள்ள எலும்புகளைப் பிடிக்கும். எலும்பைச் சுற்றி மெல்லிய சுவருடன் பெரிய சீழ்ப்பை இருந்தால் அது டிபி பக்கம் சாய்கிறது. உங்கள் குழந்தைக்குச் சொல்லியிருக்கும் படம் அப்படித்தான் கேட்கிறது. ஹாங்காங்கிலிருந்து 1984-இல் கழுத்து டிபி நோயாளிகள் 40 பேரைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு நோய் பல எலும்புகளில் பரவும், சீழ் நிறைய சேரும். பெரியவர்களுக்குச் சீழ் குறைவு, ஆனால் தண்டுவடம் நசுங்கிக் கை கால் விழுவது அதிகம் என்று அதில் கண்டார்கள். இன்றைக்கும் நாங்கள் பார்ப்பது அதுதான்.

ஆனாலும் 'சாய்கிறது' என்பது போதாது. என்னிடம் வந்த ஒரு பையனை மறக்க முடியாது. வேறோர் இடத்தில் ஸ்கேனை மட்டும் பார்த்து டிபி என்று முடிவு செய்து, நான்கு மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். வலி குறையவில்லை, பையன் மெலிந்துகொண்டே போனான். ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால் யூவிங் சார்கோமா, எலும்புப் புற்றுநோய். அந்த நான்கு மாதம் அந்தக் குழந்தைக்குத் திரும்பக் கிடைக்காத மாதங்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: புற்றுநோய் என்று வீடே அழுது தீர்த்த பிறகு, வெறும் டிபி என்று ரிப்போர்ட் வரும். அதனால்தான் எங்கள் தொழிலில் இளம் டாக்டர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. கட்டி என்று நினைத்து எடுத்ததைக் கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அனுப்பு, சீழ் என்று நினைத்து எடுத்ததைப் பயாப்சிக்கும் (சதையை நுண்நோக்கியில் பார்க்கும் பரிசோதனை) அனுப்பு.

பயாப்சி என்றதும் பயப்படாதீர்கள். பெரும்பாலும் மயக்கம் கொடுத்து, சி.டி. அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசியால் எடுத்துவிடலாம். நீங்கள் அங்கே கேட்க வேண்டியது இதுதான்: "சாம்பிள் எத்தனை பாட்டிலில் போகிறது?" எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவம் உள்ள பாட்டிலில் போட்டுவிட்டால் அதிலுள்ள கிருமி செத்துவிடும், பிறகு கல்ச்சர் செய்யவே முடியாது. ஒரு பங்கு ஃபார்மலினில் நுண்நோக்கிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இன்னொரு பங்கு வெறும் உப்புநீரில், கிருமிப் பரிசோதனைக்கு. இந்த இரண்டாவது பாட்டிலை மறந்து, மறுபடியும் குழந்தையை மயக்கத்தில் கிடத்த வேண்டி வந்த நாட்கள் உண்டு. கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அந்த இரண்டாவது பாட்டிலில் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை செய்வார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் டிபி கிருமி இருக்கிறதா, டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்று இரண்டும் தெரிந்துவிடும். கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம் வரை ஆகலாம். ஜீன்எக்ஸ்பர்டில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் டிபி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, எலும்பில் கிருமிகள் குறைவாகவே இருக்கும். அதனால் எல்லா ரிப்போர்ட்டையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாக இருந்தால் கொடுக்கும் மருந்தே வேறு. மாத்திரையை முதலில் ஆரம்பித்துவிட்டுப் பிறகு சாம்பிள் எடுத்தால் இந்தத் தகவல் கிடைக்காமலே போகலாம்.

ஸ்டீராய்டு விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். தண்டுவடம் அழுந்துகிறது என்றவுடன் வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவது சில இடங்களில் பழக்கம். குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோயும் நெறிக்கட்டிப் புற்றுநோயும் முள்ளெலும்பில் வந்து இதே போலக் காட்டும். ஸ்டீராய்டு பட்டதும் அந்தப் புற்றணுக்கள் கரைந்துவிடும், பயாப்சியில் எதுவும் சிக்காது, நோய் பெயர் இல்லாமல் ஒளிந்துகொள்ளும். ஆகவே அவசரம் இல்லையென்றால் சாம்பிள் எடுத்த பிறகே ஸ்டீராய்டு. அதற்கு முன் ரத்த அணுக்களை ஸ்மியர் போட்டு, அதாவது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்நோக்கியில், பார்க்கச் சொல்லுங்கள். மலிவான பரிசோதனை, சில நேரம் எல்லாக் குழப்பத்தையும் அது ஒன்றே தீர்த்துவிடும்.

டிபி என்று உறுதியானால் ஆபரேஷன் கட்டாயமா? பெரும்பாலும் இல்லை. இதைச் சொல்லும் தைரியம் எங்களுக்குச் சென்னையிலிருந்தே வந்தது. ஐம்பதுகளில் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்ற இரு மருத்துவர்கள் முன்பக்கமாகத் திறந்து, கெட்ட எலும்பையெல்லாம் சுரண்டி எடுத்து, எலும்புத் துண்டு வைத்து இணைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். உலகமே அதைப் பின்பற்றத் தொடங்கியது. பிறகு சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து, அந்த ஆபரேஷன் செய்தவர்களையும், நடமாடிக்கொண்டே மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டன. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் மாத்திரைக்காரர்கள் பின்தங்கவில்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் மார்பு, இடுப்பு முள்ளெலும்புக்காரர்கள்தான் இருந்தார்கள், கழுத்துக்காரர்கள் இல்லை. முதுகெலும்பு டிபியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கழுத்தில் வருகிறது. மருந்து எங்கும் ஒரே மாதிரி வேலை செய்யும், ஆனால் தலையின் பாரம் தாங்கும் இடம் வேறு. அதனால் கழுத்தில் ஆபரேஷன் பக்கம் நாங்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே போகிறோம்.

எப்போது போவோம்? கை கால் பலம் குறைந்துகொண்டு வந்தால். தொண்டைக்குப் பின்னால் சீழ் கட்டி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால். எலும்பு நொறுங்கிக் கழுத்து முன்பக்கமாக வளைந்துகொண்டிருந்தால். நாலைந்து வாரம் சரியான மருந்து சாப்பிட்டும் நிலைமை மோசமானால். ஊசியில் போதிய சாம்பிள் கிடைக்காவிட்டாலும் திறந்து எடுக்க வேண்டிவரும்.

பலம் குறைவதை முதலில் கண்டுபிடிக்கப் போவது டாக்டர் இல்லை, உங்கள் அக்காதான். ஸ்கேன் எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தால் அதைவிடக் குழந்தையின் இன்றைய நிலைதான் முக்கியம். நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று போகிறதா, அது கழன்றதே அவளுக்குத் தெரியவில்லையா? சட்டைப் பட்டன் போட நேரமாகிறதா? கையெழுத்து கோணலாகிறதா? இரவில் படுக்கையை நனைக்காத குழந்தை மறுபடி நனைக்கிறாளா? முட்டி மடங்காமல் விறைப்பாக நடக்கிறாளா? இதில் ஒன்று புதிதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை, மறுநாள் வரை கூடாது.

இவை எதுவும் இல்லை, அழுத்தம் லேசுதான், கழுத்து வளையவில்லை என்றால், சட்டம் போட்டு, மருந்து ஆரம்பித்து, நெருக்கமாகக் கவனிப்பதே எனக்கு உசிதமாகப் படும். எலும்பு டிபிக்கு நுரையீரல் டிபி போல ஆறு மாதம் போதாது, பொதுவாக ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மருந்து அரசுத் தரப்பில் இலவசம். மத்திய அரசின் நிக்ஷய் போஷன் திட்டத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள், 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். இன்னும் ஒரு விஷயம்: ஆறு வயதுக் குழந்தைக்கு டிபி வந்தால், அது வீட்டிலோ பக்கத்திலோ இருக்கும் ஒரு பெரியவரின் இருமலிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தாத்தாவுக்குப் பல நாளாக இருமல் இருந்தால், கூச்சப்படாமல் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பிறந்ததும் பி.சி.ஜி. ஊசி போட்டோமே என்பீர்கள். அது மூளைக் காய்ச்சல் போன்ற கடும் டிபியை நன்றாகத் தடுக்கும், எல்லாவற்றையும் தடுக்காது.

டிபி இல்லாத சாதாரணச் சீழ்க் கிருமியாக இருந்தால் கதை வேகமாக நடக்கும். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ், சில நாட்களில் கடும் காய்ச்சல், கழுத்தைத் திருப்பவே முடியாது. இரண்டு மாதமாக மெதுவாக வந்தது என்று நீங்கள் சொல்வதால் இது குறைவாகவே தோன்றுகிறது. தொண்டைப் புண் ஆறியதும் குழந்தையின் கழுத்து ஒருபக்கம் கோணி நிற்பதும் உண்டு. முதல் இரண்டு எலும்புகளின் கட்டுகள் வீங்கித் தளர்ந்து ஒன்றின் மேல் ஒன்று சுழன்று நிற்கும். அதற்குக் கிரைசல் என்ற பெயர். சீக்கிரம் பிடித்தால் காலரும், தலையை மெதுவாக இழுத்து வைக்கும் இழுவையுமே போதும், மாதக்கணக்கில் விட்டுவிட்டால் ஆபரேஷன் வரை போகும்.

கட்டி என்று வந்தால்? 'கட்டி' என்ற சொல் வீட்டில் ஒரே அர்த்தத்தில்தான் விழும், அது தப்பு. குழந்தைகளின் கழுத்தெலும்புக் கட்டிகளில் புற்றுநோய் அல்லாதவை பல. லாங்கர்ஹான்ஸ் செல் நோய் என்று ஒன்று உண்டு, முள்ளெலும்பு ஒரு ரூபாய்க் காசு போலத் தட்டையாகிவிடும். 1925-இல் கால்வே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை எலும்புக்கு ரத்தம் போகாமல் வரும் நோய் என்று எழுதினார், பின்னால்தான் இதன் மூலம் வேறு என்று தெரிந்தது. ஸ்கேனைப் பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் ஓர் எலும்பில் மட்டும் என்றால், பெயரை உறுதி செய்துவிட்டு, கழுத்தைச் சட்டத்தில் வைத்துக் காத்திருந்தாலே பலருக்குச் சரியாகிவிடும். வளரும் வயது என்பதால் அந்தத் தட்டை எலும்பு மறுபடி உயரம் பிடிக்கும். வருடம் தோறும் எக்ஸ்ரேயில் அது காசிலிருந்து பெட்டியாக வளர்வதைப் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்காத சந்தோஷம். அப்படிப்பட்ட குழந்தையைப் பிளேட் ஸ்க்ரூ என்று அறுத்திருந்தால் அந்த வளர்ச்சியைப் பறித்திருப்போம்.

இரவில் அதிகமாக வலித்து, வலி மாத்திரை கொடுத்தால் மாயமாக அடங்கும் வலி என்றால் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. பின்பக்க எலும்பில் பட்டாணி அளவுக் கட்டி. அதை மட்டும் எடுத்தால் முடிந்தது. அதே ஜாதியில் 2 செ.மீ.க்கு மேல் பெரிதானால் ஆஸ்டியோபிளாஸ்டோமா, அது கொஞ்சம் முரட்டுத்தனமானது. அனியூரிஸ்மல் எலும்புக் கட்டி என்பது ரத்தம் நிறைந்த தேன்கூடு போன்றது. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குப் போகும் முள்ளெலும்புத் தமனி எலும்பின் ஓட்டைக்குள்ளேயே ஓடுகிறது, அந்தத் தமனியை ஒட்டி இந்தக் கட்டி இருந்தால் ரத்தப்போக்குதான் பெரிய பயம். அதனால் முதல் நாளே ரத்தக் குழாய் வழியாகக் குழல் விட்டு, கட்டிக்குப் போகும் கிளைகளை அடைத்துவிட்டு மறுநாள் திறப்போம்.

யூவிங் சார்கோமா என்று வந்தால் முதலில் கீமோ, பிறகே மற்றதெல்லாம். தண்டுவடம் உடனடி ஆபத்தில் இருந்தால் மட்டும் அழுத்தத்தை நீக்க முந்துவோம். அப்படி வந்தால் எலும்பு டாக்டரிடம் மட்டும் இருக்காதீர்கள், குழந்தைகள் புற்றுநோய் மருத்துவர் முதல் நாளிலிருந்தே கூட இருக்க வேண்டும். தண்டுவடத்துக்குள்ளேயே வளரும் கட்டிகள் வேறு கணக்கு, அது நரம்பியல் அறுவை மருத்துவரின் வேலை.

இனி வீட்டில் பயப்படுவதைப் பேசுவோம். கத்தி வைத்தால் கை கால் விழுந்துவிடும் என்பது எங்கிருந்தோ வந்த கட்டுக்கதை அல்ல. ஆபத்து இருக்கிறது, அதை இல்லை என்று சொல்லும் டாக்டரிடம் நான் என் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன். ஆனால் இன்று அந்த ஆபத்தைக் குறைக்க நாங்கள் செய்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். மயக்க மருத்துவர் கழுத்தை நிமிர்த்தாமல், கேமரா வைத்த மெல்லிய குழாய் வழியாக மூச்சுக்குழலில் டியூப் போடுவார். தலையிலும் கை கால்களிலும் மெல்லிய ஊசிகள் வைத்து, மூளையிலிருந்து கைக்கும் காலுக்கும் போகும் சிக்னலை ஆபரேஷன் முழுக்க ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார். சிக்னல் குறைந்தால் அவர் குரல் கொடுப்பார், எங்கள் கை அங்கேயே நிற்கும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "நரம்பு மானிட்டரிங் உண்டா?" குழந்தையின் கழுத்துக்கு அது இல்லாமல் நான் செய்ய மாட்டேன்.

மூன்றாவது, நான்காவது எலும்புக்கு முன்பக்கமாகவே வருவோம். தொண்டையின் ஒரு பக்கத்தில் தோலின் மடிப்பை ஒட்டிச் சின்ன வெட்டு. மூச்சுக்குழல், உணவுக்குழலை ஒருபக்கமும், பெரிய ரத்தக் குழாய்களை மறுபக்கமும் மெதுவாக ஒதுக்கினால் எலும்பு தெரியும். சீழை உறிஞ்சி, செத்த எலும்பை எடுத்து, தண்டுவடத்தின் மேலிருக்கும் அழுத்தம் போனதும், இடுப்பிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்த எலும்பைப் பொருத்துவோம். தேவைப்பட்டால் சின்ன பிளேட். டிபி இருக்கும் இடத்தில் உலோகம் வைக்கலாமா என்று கேட்பார்கள், மருந்து சரியாகப் போய்க்கொண்டிருந்தால் வைக்கலாம். சில நாள் குரல் கம்மும், விழுங்க வலிக்கும், பெரும்பாலும் தானாகச் சரியாகும். தொண்டை வீங்கி மூச்சு அடைபடக்கூடும் என்பதால் முதல் இரவு டியூபை எடுக்காமல் ஐ.சி.யு.வில் வைப்பது உண்டு. அதைப் பார்த்து அக்கா கலங்கிவிடுவார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சில குழந்தைகளுக்கு எலும்பு அவ்வளவு சின்னது, ஸ்க்ரூவே பிடிக்காது. அப்போது ஹேலோ போடுவோம். மண்டையைச் சுற்றி ஒரு வளையம், மார்பில் ஒரு கவசம், இரண்டையும் இணைக்க நான்கு கம்பிகள். 1959-இல் பெரி, நிக்கல் என்ற அமெரிக்க மருத்துவர்கள், போலியோவால் கழுத்துத் தசை செயலிழந்தவர்களுக்காக இதைக் கொண்டுவந்தார்கள். பெரியவர்களுக்கு நான்கு ஸ்க்ரூ போதும். குழந்தையின் மண்டை ஓடு மெல்லியது, அதனால் எட்டு, பத்து ஸ்க்ரூவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறைந்த அழுத்தத்தில் முடுக்குவோம். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும். ஆனால் மூன்றாம் நாள் குழந்தை வார்டில் நடந்து விளையாடும். ஒரு பாட்டி தினமும் காலையில் உப்புநீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு ஸ்க்ரூவின் அடியையும் துடைத்து, எண்ணிக்கொண்டே பேத்திக்கு ஒன்று முதல் எட்டு வரை சொல்லிக் கொடுத்தார். அந்த எட்டில் ஒன்றில்கூடச் சீழ் வரவில்லை.

வளர்ச்சி பாதிக்குமா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த ஆபரேஷனில் இதுவே ஆழமான பகுதி. பின்பக்க எலும்பு வளைவுகளை எடுத்துவிட்டு அப்படியே மூடினால், பெரியவர்கள் சமாளிப்பார்கள், குழந்தை சமாளிக்காது. 1982-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் பல மட்டங்களில் எடுத்த 15 வயதுக்குட்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு முதுகெலும்பு வளைந்தது, அதிலும் கழுத்தில் எடுத்தவர்கள்தான் மோசம். அதனால் பின்பக்கம் திறக்க வேண்டிவந்தால், எலும்பைக் கதவு போலத் திறந்து வேலை முடிந்ததும் திரும்ப வைப்போம், அல்லது இணைத்துவிடுவோம். முன்பக்கமாகச் சுரண்டினால் அதற்கும் ஒரு விலை உண்டு. முன்பக்க வளர்ச்சி மையங்கள் போய், பின்பக்கம் மட்டும் வளர்ந்துகொண்டே போனால் கழுத்து மெதுவாக முன்னால் குனியும். நோய் ஆறிய பிறகும் இது நடக்கும். கோயம்புத்தூரின் டாக்டர் எஸ். ராஜசேகரன், சென்னை ஆய்வில் இருந்த குழந்தைகளை 15 வருடம் தொடர்ந்து பார்த்து, 2001-இல் எழுதினார்: டிபி குணமான பிறகும் சில குழந்தைகளுக்கு வளைவு கூடிக்கொண்டே போகிறது, சிலருக்குத் தானே குறைகிறது, யாருக்குக் கூடும் என்பதை எக்ஸ்ரேயில் நான்கு அறிகுறிகளால் முன்கூட்டியே சொல்லலாம். அந்த ஆய்வு மார்பு, இடுப்புப் பகுதியைப் பற்றியது என்றாலும், 'ஆறிவிட்டது, இனி வரவேண்டாம்' என்று குழந்தையை அனுப்பக் கூடாது என்பதைக் கழுத்துக்கும் நான் அதிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

ஆகவே உங்கள் குழந்தைக்கு என் யோசனை: இந்த வாரமே பயாப்சி, இரண்டு பாட்டில். அதுவரை அளவெடுத்த சட்டம். டிபி என்று வந்து, கை கால் பலமாக இருந்தால் மருந்தும் சட்டமும், முதல் மாதம் வாரம் ஒரு முறை பரிசோதனை, ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே. பலம் குறைந்தாலோ வளைவு கூடினாலோ முன்பக்க ஆபரேஷன், அதைக் குழந்தைகள் ஐ.சி.யு.வும் நரம்பு மானிட்டரிங்கும் உள்ள இடத்தில். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். இந்த ஆபரேஷனுக்கு அங்கே முன் அனுமதி கிடைக்குமா என்று சேரும் முன்பே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

பள்ளிக்கூடம்? சட்டத்தோடு உட்கார்ந்து படிக்கலாம், மூன்று மாதம் போல ஆனதும் பெரும்பாலான குழந்தைகளை அனுப்புகிறேன். பையை அவள் தூக்கக் கூடாது, யாராவது கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆட்டோவில் முன்சீட்டு வேண்டாம். குட்டிக்கரணமும் ஸ்கிப்பிங்கும் எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்தது என்று நாங்கள் சொன்ன பிறகு. வருடம் ஒரு முறை, அவள் வளர்ந்து முடியும் வரை, பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். புதியதை எந்தப் பழையதோடு வைத்துப் பார்ப்பது என்பதில்தான் எங்கள் வேலை இருக்கிறது.